டப்பா நிரம்பிவிட்டது, அண்ணே!

கேள்வி:

அண்ணே, வணக்கம். என் கார் 2008ஆம் வருட ஹோண்டா சிவிக் டைப்-ஆர். சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைக்கும் இதே கார்தான், வருடத்துக்கு நாலைந்து தடவை மலேசியாவின் செப்பாங் டிராக்குக்கும் இதே கார்தான். சில மாதங்களுக்கு முன் பின்னால் வந்த நண்பர், "உன் வண்டியில நீலப் புகை வருது" என்றார். இன்டேக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில். ஆன்லைனில் 400 மில்லி கேட்ச் கேன் (எஞ்சின் ஹோஸில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) வாங்கி நானே மாட்டினேன். வால்வ் கவர் ஹோஸ் அதற்குள் போகிறது, கேன் தலையில் குட்டி ஃபில்டர். எஞ்சின் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி ஹோஸைக் கழற்றி, இன்டேக் மேனிஃபோல்டில் ரப்பர் மூடி போட்டுவிட்டேன். இப்போது 20 நிமிட செஷன் மூன்று ஓட்டினால் கேன் முக்கால்வாசி நிரம்பிவிடுகிறது. கார்னரில் ஆயில் பற்றாமல் போகக் கூடாது என்று மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றித்தான் கிளம்புவேன். திரும்பும்போது டிப்ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒருவர் பெரிய கேன் போடு என்கிறார். இன்னொருவர் கேனே வேண்டாம், ஹோஸைப் பிடுங்கித் திறந்து விடு என்கிறார். மூன்றாமவர், பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரி என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? படம் இணைத்திருக்கிறேன்.

ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்:

தம்பி, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கோப்பி ஆறிவிட்டது. கேனைவிட எனக்கு அந்த ஹோஸ்தான் கண்ணில் பட்டது. வால்வ் கவரிலிருந்து சுண்டுவிரல் மொத்தத்தில் கிளம்பி, பேட்டரி பக்கம் தொப்பை போட்டுத் தொங்கி, மறுபடி மேலேறிக் கேனுக்குள் நுழைகிறது. கேன் ரேடியேட்டர் சட்டத்தில், வால்வ் கவரைவிட ஒரு சாண் கீழே இருக்கிறது. ஃபில்டரின் அடிப்பக்கம் கறுப்பாக மினுங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் ஊற்றினீர்கள், திரும்பும்போது நடுவில் நிற்கிறது. பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக, போனது ஒரு லிட்டருக்குப் பக்கம். கேனில் இருப்பது 300 மில்லி. அதுவும் முழுக்க ஆயில் இல்லை. அப்படியென்றால் மீதி 700 மில்லி எங்கே? கேன் நிரம்புகிறதே என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ கேனுக்கு வராத ஆயில் மேல்தான் கவலை.

ஒன்று, அது ஃபில்டர் வழியாக ஆவியாக வெளியேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் எரிந்திருக்க வேண்டும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. மூன்றாவது நண்பரிடம் எனக்கு இருக்கும் சண்டை அது ஒன்றுதான். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

ஆயில் தானாக ஏறி வால்வ் கவரைத் தாண்டி வருவதில்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பிஸ்டன் ரிங் நேற்றுத்தான் மாட்டியது என்றாலும், வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடிப்பெட்டிக்குள், கசியத்தான் செய்யும். இதைத்தான் ப்ளோ-பை என்கிறோம். ரிங்குக்கு இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் வாயு நுழையும். ப்ளோ-பை இல்லாத எஞ்சின் கிடையாது, தம்பி. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உங்கள் எஞ்சின் 2 லிட்டர். 8,000 சுற்றில் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கிற கணக்கில், நிமிடத்துக்கு 8,000 லிட்டர் காற்றை விழுங்குகிறது. அதில் ஒரு சதவீதம் ரிங்கைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 லிட்டர். அந்த 80 லிட்டரும் வெளியேற நீங்கள் வைத்திருக்கும் வழி ஒன்றே ஒன்று. படத்தில் பார்த்தால் உள் விட்டம் 9 மில்லிமீட்டர் இருக்கும். அந்த ஓட்டைக்குள் 80 லிட்டர் போக வேண்டுமானால் வாயு மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். மழை பெய்யும்போது எக்ஸ்பிரஸ்வேயில் 75-ல் போய்ப் பாருங்கள், கண்ணாடியில் விழும் துளி மேல்நோக்கி ஓடும். உங்கள் ஹோஸுக்குள் ஆயில் துளிக்கும் அதே கதிதான். கீழே விழ அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இதே 80 லிட்டரை 14 மில்லிமீட்டர் ஹோஸில் விட்டால் வேகம் 31 கிலோமீட்டராக இறங்கும். அப்படி இரண்டு ஹோஸ் போட்டால் 16-க்குக் கீழே. சைக்கிள் போகிற வேகம். அந்த வேகத்தில் கனமான துளிகள் ஹோஸ் சுவரில் ஒட்டி, வழிந்து, வந்த வழியே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். அதனால்தான் பெரிய கேன் போடு என்ற முதல் நண்பரின் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்கிறேன். ஹோஸை மாற்றாமல் 2 லிட்டர் கேன் போட்டால் 2 லிட்டர் நிரம்பும், அவ்வளவுதான்.

அந்தத் தொப்பை இன்னொரு கேடு. தாழ்ந்த இடத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கும். பிறகு எஞ்சின் மூச்சு விட வேண்டுமென்றால் அந்தத் தேக்கத்தைத் தள்ளிக்கொண்டுதான் விட வேண்டும். பாக்கெட்டில் கட்டித் தரும் ஐஸ் மைலோவில் ஸ்ட்ராவை வைத்து ஊதியிருப்பீர்கள், சின்ன வயதில். குபுகுபுவென்று வருமே, அதேதான். எஞ்சின் ஊதுகிறது, மைலோவுக்குப் பதில் ஆயில் கேனுக்குள் தெறிக்கிறது, அங்கிருந்து ஃபில்டருக்கு. ஃபில்டர் அடியில் மினுங்குவது அதுதான்.

சரி, எஞ்சின் அடைத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் போனால் என்ன ஆகும்? கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். தலையில், அதாவது சிலிண்டர் ஹெட்டில், கேம்ஷாஃப்ட்டை நனைத்த ஆயில் கீழே சம்புக்கு, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்குவதற்குத் துவாரங்கள் இருக்கின்றன. கீழிருந்து மேலே வரும் வாயுவும் பெரும்பாலும் அதே துவாரங்களைத்தான் பிடிக்கும். ஒரே படிக்கட்டில் இறங்குகிறவனும் ஏறுகிறவனும் மோதிக்கொள்கிற கதை. வாயு ஜெயித்தால் ஆயில் மேலேயே தேங்கும். மேலே தேங்கினால் ஹோஸ் வாய்க்கு வரும். இன்னும் அழுத்தம் ஏறினால் டிப்ஸ்டிக் தானாக எழும்பும், வால்வ் கவர் கேஸ்கெட்டில் வியர்க்கும், கிராங்க் பின் சீலில் கசியும். சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கி மாற்றிவிட்டு, இரண்டு டிராக் நாளில் புது சீலும் கசிகிறது என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீல் என்ன செய்யும், பாவம்.

இப்போது நீங்கள் மூடி போட்ட பிசிவிக்கு வருகிறேன். அதை ஏன் மூடினீர்கள் என்று எனக்குப் புரிகிறது. இணையத்தில் எல்லோரும் மூடுகிறார்கள். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு மூட வேண்டும். 1960களுக்கு முன்பு கிராங்க்கேஸ் வாயுவை ஒரு குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் புகைமூட்டம் தாங்காமல், 60களின் தொடக்கத்தில் அந்த வாயுவை மறுபடி இன்டேக்கில் சேர்த்து எரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் வால்வுதான் பிசிவி. ஐட்லிங்கிலும் நிதானமாக ஓட்டும்போதும் மேனிஃபோல்டில் நல்ல இழுவிசை இருக்கும். அது கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு ஈடாக வால்வ் கவர் ஹோஸ் வழியே சுத்தமான காற்று உள்ளே வரும். ஆக, வேலைக்குப் போய்வரும் நாட்களில் வால்வ் கவர் ஹோஸில் காற்று எஞ்சினுக்குள் போகிறது. டிராக்கில் மிதியை முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டில் இழுவிசை ஏறக்குறைய இல்லாமல் போய், அதே ஹோஸில் வாயு திரும்பி வெளியே வருகிறது. போக்கும் வரவும் ஒரே ஹோஸில்.

நீங்கள் பிசிவியை மூடியதும் இந்த உள்ளிழுப்பு நின்றுவிட்டது. ஈசூனிலிருந்து அலுவலகம் போய்வரும் தூரத்தில் எஞ்சினுக்குள் சேரும் நீராவியையும் பெட்ரோல் ஆவியையும் வெளியே எடுக்க ஆளில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டியது ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெண்மஞ்சளாக, பால் திரிந்த மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான். காரும் வேலைக்குப் போகும் கார் என்பதால், பிசிவி ஹோஸை இந்த வாரமே பழையபடி மாட்டிவிடுங்கள். வால்வையும் புதிதாக, கம்பெனி சரக்காகப் போடுங்கள். உங்கள் எஞ்சினில் அது மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கை நுழைவதே கஷ்டம். பழைய வால்வைக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் அடைத்துக்கொண்டு எத்தனை நாளாகிறதோ.

இரண்டாவது நண்பர் திறந்து விடச் சொன்னார் அல்லவா? டிராக்குக்கு மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு அது சரிதான். பந்தயக் கார்கள் பல அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் உங்கள் கார் பதிவெண்ணோடு சாலையில் ஓடுவது. அந்த வாயு உள்ளே போய் எரிய வேண்டும் என்பது காரின் மாசுக் கட்டுப்பாட்டில் ஒரு பங்கு. பத்து வருடம் தாண்டிய கார் என்பதால் உங்களுக்குப் பரிசோதனை வருடா வருடம். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் இரவு உட்கார்ந்து ஹோஸ் மாட்டுவதும் மறுநாள் கழற்றுவதும் எதற்கு? தவிர, சிக்னலில் நிற்கும்போது ஏர்கான் வழியாக அந்த வாடை உள்ளே வரும். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆனாலும் உங்கள் இப்போதைய அமைப்பில் ஒரு நன்மை இருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். பிசிவியும் மூடியாயிற்று, வால்வ் கவர் ஹோஸும் இன்டேக்கில் சேரவில்லை. அதாவது ஆயில் இன்டேக் வழியாக எஞ்சினுக்குள் போக இப்போது வழியே இல்லை. கேன் போட்ட பிறகும் எக்ஸாஸ்டில் நீலப் புகை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஒரு பதில் எனக்குப் பாதி எஞ்சினைப் பிரித்துக் காட்டிவிடும். இப்போது புகை இல்லையென்றால், முன்பு எரிந்தது ஹோஸ் வழியே போன ஆயில்தான். ரிங் மேல் பழி போட அவசரம் வேண்டாம். இப்போதும் புகை வருகிறதென்றால், ஆயில் ரிங்கைத் தாண்டியோ வால்வ் சீலைத் தாண்டியோதான் போகிறது. மூன்றாவது நண்பருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்க வேண்டி வரலாம்.

புகை எப்போது வருகிறது என்பதையும் பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். செப்பாங் இதற்குத் தோதான டிராக். நீண்ட நேர்ப்பாதை இரண்டு இருக்கின்றன. பிட்டுக்கு முன்னால் இருக்கும் நேர்ப்பாதையில் முழு மிதியில் போகும்போதே மெல்லிய நீலம் தொடர்ந்து வந்தால் ப்ளோ-பை ஆயிலோ ரிங்கோ. அந்தப் பாதையின் முடிவில், முதல் வளைவுக்கு பிரேக் பிடிக்கும்போது, மிதியை விட்டதும் குபீரென்று வந்தால் வேறு கதை. சுற்று அதிகம், த்ராட்டில் மூடி, மேனிஃபோல்டில் இழுவிசை உச்சத்தில். அது பிசிவி வழியாகவோ வால்வ் சீல் வழியாகவோ ஆயிலை உறிஞ்சும். ஐந்தாம் ஆறாம் வளைவு ஞாபகம் இருக்கிறதா, இடதும் வலதுமாக வேகம் குறையாமல் நீளமாக இழுத்துக்கொண்டே போகுமே? அங்கே இரண்டு மூன்று விநாடி கழித்து வந்தால், ஹெட்டில் தேங்கிய ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஹோஸ் வாயை மூடுகிறது என்று அர்த்தம். பிட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஸ்டார்ட் செய்ததும் ஒரு வாய் புகை விட்டு நின்றுவிட்டால், வால்வ் சீல். நண்பர் காரில் ஒரு போனை முன்பக்கம் பார்த்து வைத்து இரண்டு சுற்று எடுத்தால் போதும்.

அடுத்து, அந்த அரை லிட்டர். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 8,000 சுற்று என்றால் கிராங்க்ஷாஃப்ட் விநாடிக்கு 133 தடவை சுற்றுகிறது. ஆயில் மட்டம் ஏற ஏற அந்தச் சுழற்சி அதை அடித்து நுரையாக்கும். முட்டை அடிக்கிற மாதிரி. நுரைத்த ஆயில் பாதி காற்று. பம்ப் அதை இழுத்தால் பேரிங்குக்குப் போவதும் பாதி காற்றுதான். ஆயில் பற்றாமல் போகக் கூடாது என்று ஊற்றியது, பற்றாமல் போக வைக்கும். கூடவே ஆவியும் துளியும் பெருகி ஹோஸில் ஏறும். கார்னரில் ஆயில் விலகும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்து சம்புக்குள் தடுப்புத் தகடு, கூடவே ஆயில் பிரஷர் கேஜ். அடுத்த தடவை கேனை மாற்றாமல், மேல் கோட்டோடு நிறுத்திப் போய்ப் பாருங்கள். ஒரு செஷனுக்கு ஒரு தடவை கேனை ஓர் அளவுக் கோப்பையில் ஊற்றி எழுதி வையுங்கள். 300 மில்லி 100 ஆகக் குறைந்துவிட்டாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

இனி அளவுகள். பட்டறைக்கு வந்தால் முதலில் கம்ப்ரஷன், பிறகு லீக்-டவுன். கம்ப்ரஷன் பார்க்கும்போது எஞ்சின் சூடாக, நாலு ப்ளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து பார்க்க வேண்டும். நாலுக்கும் இடையே வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஆனால் ஆயில் நிறைய இருக்கும் சிலிண்டரில் ஆயிலே ரிங்கை அடைத்துக்கொண்டு நல்ல கம்ப்ரஷன் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு லீக்-டவுன் மேல்தான் நம்பிக்கை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ப்ளக் துவாரத்தில் 100 பிஎஸ்ஐ காற்றை விடுவோம். இரண்டாவது கேஜ் 92 காட்டினால் கசிவு எட்டு சதவீதம். பத்துக்குள் என்றால் சந்தோஷம். பத்திலிருந்து இருபது வரை, ஓட்டிக்கொண்டே கண்காணிக்கலாம். இருபதைத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டும்.

எண்ணைவிடக் காது முக்கியம். காற்றை விட்டபடி ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தால் 'உஸ்' என்று கேட்கும். எல்லா எஞ்சினிலும் கொஞ்சம் கேட்கும். பலமாகக் கேட்டால் ரிங். எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். வீவக அடுக்குமாடி கார்பார்க்கில் எஞ்சினைப் பிரித்துப் போட முடியாது, ஆனால் இதற்கு ஸ்பேனரே வேண்டாம். மீன் தொட்டி சாமான் விற்கும் கடையில் கண்ணாடி மாதிரித் தெளிவான குழாய் இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று கசியாமல் செருகுங்கள். கால்கள் நீளமாக இருக்கட்டும், தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடக் கூடாது. பிசிவியைத் திரும்ப மாட்டிய பிறகு, ஐட்லிங்கில் தண்ணீர் எஞ்சின் பக்கக் காலில் கொஞ்சம் ஏற வேண்டும். உள்ளே இழுவிசை இருக்கிறது என்று அர்த்தம். மறுபக்கம் ஏறினால் உள்ளே அழுத்தம். இரண்டு காலுக்கும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு கிலோபாஸ்கல். ஐட்லிங்கிலேயே இப்படி அழுத்தம் காட்டும் எஞ்சின் டிராக்கில் என்ன காட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலெல்லாம் எஞ்சின் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் கேன். வால்வ் கவரில் இப்போதிருக்கும் சின்ன வாயோடு இன்னொரு பெரிய வாய் வைக்கலாம். அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். வாய் திறக்கும் இடத்துக்குக் கீழே உள்பக்கம் தடுப்புத் தகடு கட்டாயம், இல்லையென்றால் கேம்ஷாஃப்ட் வீசும் ஆயில் நேராக ஹோஸுக்குள். ஹோஸ் ஏஎன்-10 அளவு, நான் சொன்ன 14 மில்லிமீட்டர் அதுதான். பெட்ரோலும் ஆயிலும் தாங்கும் ரகமாக வாங்குங்கள். தண்ணீர் ஹோஸைப் போட்டு ஆறே மாதத்தில் உள்சுவர் உரிந்து கேனை அடைத்த கதையும் உண்டு. வால்வ் கவரிலிருந்து கேன் வரை ஒரே ஏற்றமாக, எங்கும் தொங்காமல் போக வேண்டும். கேன் உயரத்தில், எக்ஸாஸ்ட் சூட்டுக்கு எட்டாத இடத்தில். உள்ளே நுழையும் வாயும் வெளியேறும் வாயும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. நடுவில் தகடும் கம்பி வலையும் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கியதைத் திறந்து பாருங்கள். அனேகமாக வெறும் டப்பாவாக இருக்கும். டப்பாவுக்கு ஆயிலைப் பிரிக்கத் தெரியாது.

கேனின் வெளிவாயை த்ராட்டிலுக்கு முன்னால், பழைய ஹோஸ் சேர்ந்த இடத்திலேயே சேருங்கள். பிசிவி ஹோஸிலும் சின்னதாக ஒரு கேன் போடலாம், ஆனால் அது முழுக்க மூடியதாக, இழுவிசையில் சப்பிப் போகாததாக இருக்க வேண்டும். அதன் மேல் ஃபில்டர் வைத்தால் மேனிஃபோல்டுக்கு ஓட்டை போட்டதற்குச் சமம், ஐட்லிங் தள்ளாடும். ஆயில் ஆவி இன்டேக்குக்குப் போவதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், ஆயில் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும். எஞ்சின் நாக் அடிக்கும் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டும்), எஞ்சின் கணினியான இசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், குதிரைத்திறன் போகும். ஜொகூரில் நம் சிங்கப்பூர்க் காருக்கு 95 ஆக்டேன் ஊற்ற முடியாது, 97-க்குத்தான் காசு கொடுக்கிறோம். கொடுத்த காசை நாமே ஆயில் கலந்து கெடுப்பானேன்?

அளவைப் பொறுத்தவரை, வாயுவைத் திறந்து விடும் பந்தயக் கார்களுக்கு, உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி ஒன்று இருக்கிறது: 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர் கேன், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். உங்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் 400 மில்லி டப்பாவோடு டிராக்கில் இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன், வடக்கே ஒரு டிராக்கில், என் பழைய காரில் இதைவிடச் சின்ன டப்பா வைத்திருந்தேன். நானே கட்டியது, கிளாம்ப்பும் நானே இறுக்கியது. மூன்றாவது சுற்றில் கறுப்புக் கொடி காட்டினார்கள், நடுவில் ஆரஞ்சு வட்டம். காரில் ஏதோ கோளாறு, உள்ளே வா என்று அர்த்தம். எனக்கா என்று இன்னும் அரைச் சுற்று யோசித்தேன். பிட்டில் பானெட்டைத் திறந்தால் டப்பா நிரம்பி, ஹோஸ் கழன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு கை தள்ளி ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை இந்தப் பக்கம் சொட்டியிருந்தால் தீ. எனக்குப் பின்னால் மோட்டார்சைக்கிள் செஷன் இருந்தது. டிராக்கில் நான் விட்ட கோட்டை மார்ஷல்கள் பொடி போட்டுத் துடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்றிலிருந்து ஒவ்வொரு ஹோஸ் முனையிலும் கிளாம்ப்போடு பாதுகாப்புக் கம்பியும் கட்டுகிறேன்.

ஆயில் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். டிராக்கில் சூடு ஏற ஏற மெல்லிய ஆயில் சீக்கிரம் ஆவியாகும். ஆயில் பற்றிய தகவல் தாளில் நோவாக் என்று ஒரு எண் இருக்கும்: 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்ற அளவு. சாதாரணக் கார் ஆயிலுக்கு 15 வரை அனுமதி. நீங்கள் பத்துக்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். டப்பா அலங்காரத்தைவிட அந்த எண் பேசும். ஆயில் கூலர் இல்லாமல் மூன்று செஷன் ஓட்டுகிறீர்கள் என்றால் அடுத்த செலவு அதுதான், பெரிய கேன் அல்ல.

கேனில் சேர்ந்ததை வடிகட்டித் திரும்ப எஞ்சினில் ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள்: கீழே தண்ணீர், மேலே காப்பி நிறத்தில் ஆயில், முகர்ந்தால் பெட்ரோல் வாடை. பாட்டிலைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துவிடலாம். புளோக்குக் கீழே இருக்கும் கால்வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

வெற்றிட பம்ப், எக்ஸாஸ்டோடு சேர்த்து இழுக்கும் ஏற்பாடு என்று இன்னும் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கும் காரில் எக்ஸாஸ்ட் ஏற்பாடு சரிவராது. ஆயில் போய் கன்வர்ட்டரையும் சென்சாரையும்தான் கெடுக்கும். பம்ப் இப்போதைக்கு உங்களுக்கு அதிகம்.

ஆக, இந்த வாரம் பிசிவி. அடுத்த செப்பாங்குக்கு முன்னால் லீக்-டவுன். பழைய கேன் அதுவரை இருக்கட்டும், தொப்பையை மட்டும் இழுத்துக் கட்டுங்கள். புகை வீடியோவை மட்டும் பிசிவியை மாட்டும் முன்பே, ஆள் இல்லாத சாலையில் யாரையாவது பின்னால் வரச் சொல்லி, வேக வரம்புக்குள் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். இரண்டாம் கியரில் சுற்றை ஏற்றி மிதியை விட்டாலே வருவது வரும். லீக்-டவுன் எண் நாலையும் சிலிண்டர் வரிசைப்படி எழுதி அனுப்புங்கள், எந்தத் துவாரத்தில் எவ்வளவு சத்தம் கேட்டது என்பதையும் சேர்த்து. எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன்.